கையெழுத்துப் போடாத வக்கீலம்மா

கோர்ட் வாசலையே மிதிக்காத வக்கீலை நான் துபாயில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் ஊரில் வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு, ஸ்கூட்டர், வாய். மூன்றில் வாய்தான் முக்கியம். இந்த அம்மாளிடம் மூன்றுமே கிடையாது. பேசவே மாட்டார், கேட்பார். “இன்னைக்கு வெயில் ஜாஸ்தி மேடம்” என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னால்கூட, “யாருங்க சொன்னாங்க?” என்று திருப்பிக் கேட்கிற ரகம். வெயில் ஜாஸ்தி என்று யாராவது வந்து சொல்ல வேண்டுமா? சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியவில்லையா? எனக்குப் பார்த்த முதல் நாளே பிடிக்கவில்லை.

நான் அந்தக் கம்பெனியில் பி.ஆர்.ஓ. ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். விசா அடிக்க வேண்டும், லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், கவுண்டர் கவுண்டராக நின்று அரபியில் சலாம் சொல்லிச் சிரித்துக் காரியத்தை முடித்து வர வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் இறக்குமதி செய்கிற கம்பெனி. ஆபீஸ் கராமாவில், கிடங்கு ஜெபல் அலியில். முதலாளி எங்கள் ஊர்க்காரர், இரண்டு தெரு தள்ளி வீடு. அவரை நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் சொல்வோம். அவர் என்னை மாப்புள என்பார்.

கம்பெனி பெருத்ததும், காகிதம் எழுதுவதற்கென்றே ஒரு வக்கீல் வேண்டும் என்று பேங்கில் சொல்லிவிட்டார்கள். அப்படி வந்தவர்தான் இந்த அம்மாள். கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. காட்டன் புடவை, கழுத்தில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. சென்னையில் பெரிய பெரிய கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கும்போது நடுவில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினவராம். அப்படிப்பட்டவர் அரிசி மூட்டை விற்கிற இடத்துக்கு ஏன் வர வேண்டும்? எங்கேயோ இடிக்கிறதே என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. காக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

“மாப்புள, அந்தம்மா மேல ஒரு கண்ணு இருக்கட்டும்” என்றார். “படிச்சவ. எந்த நேரம் எந்தப் பக்கம் சாய்வாள்னு சொல்ல ஏலாது.”

சோறு போடுகிறவர் கண்ணு வை என்றால் வைக்கத்தானே வேண்டும். வைத்தேன். அப்படிக் கண்ணு வைத்ததால்தான் அவரைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறது.

முதலில் கண்ணில் பட்டது கையெழுத்து விஷயம். எங்கள் வரவேற்பில் மரியா என்று ஒரு பிலிப்பினோப் பெண் இருந்தாள். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பெரிய வாழ்த்து அட்டை ஒன்றை வாங்கி எல்லோரிடமும் சுற்றுக்கு விடுவாள். எல்லோரும் ஆளுக்கொரு வரி கிறுக்கிக் கையெழுத்துப் போடுவோம். அந்த அட்டை வக்கீலம்மா மேசைக்குப் போகும், அப்படியே திரும்பி வரும். அவர் எழுந்து போய், பிறந்தநாள்காரரின் கையைப் பிடித்து வாயால் வாழ்த்திவிட்டு வருவார். ஒரு பொட்டலம் இனிப்பும் கொடுப்பார். கையெழுத்து மட்டும் கிடையாது.

கூரியர்க்காரன் வந்தால் இன்னும் வேடிக்கை. அவன் நீட்டுகிற சின்ன மெஷினை வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துக் கண்ணாடியைப் போட்டுப் படிப்பார். அவன் பாகிஸ்தானி. “மேடம், ஜல்தி, கீழே வண்டி நிக்குது” என்று இந்தியில் கெஞ்சுவான். “பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு போட்டிருக்கு. நான் இன்னும் பிரிக்கவே இல்லையே” என்று இவர் மெதுவாகச் சொல்வார். கடைசியில் மரியாதான் ஓடி வந்து போடுவாள். மரியா போட்ட பிறகு அவளைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், ஏதோ அவள் கிணற்றில் குதித்துவிட்ட மாதிரி.

எனக்கு இதெல்லாம் பார்க்கப் பார்க்க எரியும். நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்துப் போடுவதற்கு இடம் விட்டு விட்டு எழுதுகிறவர். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, பெயர் அடித்து, முத்திரைக்கு வட்டம் வரைந்து கொடுப்பார். தன் பெயரை மட்டும் எங்கேயும் வைக்க மாட்டார். சமைக்கிறவர் தான் சமைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்றால் நமக்குச் சந்தேகம் வருமா வராதா?

ஒரு நாள் கேட்டே விட்டேன். “ஏன் மேடம், உங்களுக்குக் கையெழுத்துன்னா அலர்ஜியா?”

சுலைமானி என்கிற பால் விடாத டீயைச் சர்க்கரையும் இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்தார். “பேனா பிடிக்கறவன் ஒருத்தன், மாட்டறவன் ஒருத்தனுங்க, பாய்” என்றார். அவ்வளவுதான். மறுபடியும் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தார். எந்தக் காகிதத்தையும் அவர் அப்படித்தான் படிப்பார்.

இதைக் காக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தாடியைத் தடவிக்கொண்டார்.

இன்னொரு விஷயமும் கண்டுபிடித்தேன். எழுதிப் பார்த்து வேண்டாம் என்று விட்ட காகிதங்களை அவர் ஆபீஸ் குப்பையில் போடுவதில்லை. பொடிப் பொடியாகக் கிழித்து, சோற்றுப் பாத்திரம் கொண்டுவருகிற பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். ஆபீஸில் காகிதம் அரைக்கிற மெஷின் இருக்கிறதே, அம்மணி? அது எதற்கு இருக்கிறது, பஜ்ஜி போடவா? யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் பின்னாலேயே போனேன். கராமா மீன் மார்க்கெட்டுக்குப் பின்புறம் பெரிய குப்பைத் தொட்டி ஒன்று உண்டு. மீன் செதிலும் குடலும் கிடக்கிற அதில் பையைக் கவிழ்த்து உதறிவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறிப் போனார். யாரும் கை வைக்கத் துணியாத இடமாகப் பார்த்துத் தேடியிருக்கிறார். அப்பாடா என்று இருந்ததா? இல்லை. இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிற மனுஷிக்கு இந்தக் கம்பெனியில் என்ன பயம் என்று புதிதாக ஒரு சந்தேகம் முளைத்தது.

இந்த நிலையில்தான் என் தலையில் ராஜயோகம் விடிந்தது.

காக்கா ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பேரீச்சம்பழத் தட்டைத் தள்ளி வைத்தார். “மாப்புள, புதுசா ஒரு கம்பெனி திறக்கப் போறேன். இனிமே சரக்கெல்லாம் அதுலதான் ஓடும். அதுக்கு நீதான் மேனேஜர். லைசென்ஸ்ல உன் பேருதான். நம்ம ஊருப் புள்ளைய விட்டுட்டு நான் யாரைத் தேடப் போறேன்?”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை லைசென்ஸுக்கு நான் வரிசையில் நின்றிருக்கிறேன்! எத்தனை பேர் பெயரை அரபியில் எழுத்துப் பிழை இல்லாமல் ஏற்றியிருக்கிறேன்! என் பெயர் ஒன்றிலும் ஏறினதில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். என் பெண்டாட்டி அவளுடைய லாத்தாவிடம், அதாவது அக்காளிடம் சொல்ல, லாத்தா தெருவுக்கே சொல்ல, சாயங்காலத்துக்குள் ஊரில் நான் மேனேஜர் ஆகிவிட்டேன். மாமியார் நெய்ச்சோறு ஆக்கி நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். லைசென்ஸில் பெயர் இருக்கிறவன்தான் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் போலீஸ் கூப்பிடுகிற முதல் ஆள் என்பது பி.ஆர்.ஓவான எனக்குத் தெரியாதா? தெரியும். அது மற்றவன் முதலாளிக்கு. நம்ம ஊர்க் காக்காவுக்கு அந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும்? வெளிநாட்டில் ஊர்க்காரன் என்ற ஒரு சொல் போதும், எங்களுக்கெல்லாம் கண் தானாக மூடிக்கொள்ளும்.

மேனேஜர் என்றால் கோட்டு வேண்டாமா? நான் இருந்தது சத்வாவில், ஒரு பழைய வில்லாவில் அறை. தெரு முழுக்கத் தையல் கடை. நல்ல சாம்பல் நிறத் துணி எடுத்து அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன். தையல்காரர் என் தோளில் டேப்பை வைத்திருக்கும்போது வக்கீலம்மா உள்ளே வந்தார். ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாராம்.

“என்னங்க பாய், கல்யாணமா?”

“இல்ல மேடம். மேனேஜர் ஆகப் போறேன்.” சொல்லும்போதே என் நெஞ்சு அகலம் கூடியிருக்க வேண்டும், தையல்காரர் டேப்பைத் தளர்த்தினார்.

“யாருங்க சொன்னாங்க?”

ஆரம்பித்துவிட்டார் பாருங்கள். “காக்காதான் சொன்னாங்க. புதுக் கம்பெனி. லைசென்ஸ்ல என் பேரு.”

“காகிதம் ஏதாச்சும் போட்டீங்களா?”

“இன்னும் இல்ல. நீங்கதானே எழுதப் போறீங்க, உங்களுக்குத் தெரியாதா?”

அவர் கண்ணாடி முன்னால் நின்றிருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். தையல்காரர் எடுத்து நீட்டிய ரவிக்கைப் பொட்டலத்தை வாங்காமலே வெளியே போய்விட்டார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். பட்டம் படித்தவளை விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்புக்காரனை மேனேஜர் ஆக்கினால் எரியத்தானே செய்யும்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனி. மாதிரிக் கையெழுத்து வேண்டும் என்றார். “பேங்க்ல பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருந்தாத்தான் எடுத்துப்பாங்க. இல்லைன்னா திருப்பி அனுப்பிருவாங்க. நாம இங்கயே போட்டுப் பாத்துக்கலாமுங்க.” நியாயம்தான், துபாய் பேங்கில் கையெழுத்து ஒரு சுழி மாறினாலும் காகிதம் திரும்பி வரும். நான் போட்டேன். என் கையெழுத்து எப்போதுமே கொஞ்சம் அலங்காரம். பள்ளிக்கூடத்திலேயே பழகி வைத்தது. ஆரம்பத்தில் ஒரு கொக்கி, நடுவில் ஒரு அலை, முடிவில் கீழே ஒரு வால்.

பாஸ்போர்ட் நகலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “வால் மாறுதுங்க.”

மறுபடி போட்டேன். “இப்ப கொக்கி மாறுதுங்க. நாளைக்குப் பாக்கலாம்.”

இப்படியே இழுத்தார். அதுவும் எந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவார் தெரியுமா? அப்போது நோன்பு மாதம். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு, நாக்கு வறண்டு கை நடுங்குகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவார். இல்லையென்றால் நான் வெயிலில் எமிக்ரேஷன் போய் வந்து, வேர்வை துடைக்குமுன். உட்காரச் சொல்ல மாட்டார். “இந்த ஃபைல் மேல வெச்சு நின்னுட்டே போட்டுருங்க” என்பார். ஃபைல் ஆடும். பேனாவில் மை விட்டு விட்டு வரும். போட்டு முடிப்பதற்குள் எதிரே நின்று, “ஊர்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்று ஒரு கேள்வி. என்றைக்காவது என் சௌக்கியத்தைக் கேட்ட மனுஷியா அவர்! நான் பதில் சொல்லக் கையெழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

“மாறுதுங்களே, பாய்” என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வார்.

பெருநாள் கழிந்தும் என் கையெழுத்து தேறவில்லை. காக்கா பொறுமை இழந்தார். எல்லோர் முன்னாலும் வைத்து, “என்ன மாப்புள, உனக்கு ஒரு கையெழுத்து ஒழுங்காப் போட வராதா? கலாஸ், போதும், வேற ஆளப் பாத்துக்குறேன்” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வக்கீலம்மா கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமுக்குணி! அன்றைக்கு அவரை நான் திட்டாத திட்டு இல்லை, மனசுக்குள்தான்.

வேறு ஆள் என்று காக்கா பிடித்தது அருள்ராஜை. தூத்துக்குடிப் பையன், முப்பத்தைந்து இருக்கும். ஜெபல் அலிக் கிடங்கில் சூப்பர்வைசர், தொழிலாளர் கேம்ப்பில் தங்கியிருந்தான். கிடங்கைவிட்டு ஒரு லாரி வெளியே போக வேண்டுமென்றால் டெலிவரி நோட்டில் அவன் கையெழுத்துப் போட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை லாரிக்குப் பின் லாரி. அவனையும் ஆபீஸுக்கு வரவழைத்தார்கள். இந்தத் தடவை காக்காவும் உள்ளே போய் நின்றுகொள்ள, வக்கீலம்மா கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குச் செய்த மாதிரி அவனையும் அலைக்கழிப்பார் என்று எதிர்பார்த்து வாசலிலேயே நின்றேன். வெகுநேரம் ஆயிற்று. அவன் வெளியே வந்தபோது பல்லெல்லாம் தெரிந்தது. பின்னால் வந்த வக்கீலம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. அதற்கு அர்த்தம் எனக்கு அன்று தெரியவில்லை. என்னைத்தான் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அவனை எடுத்துக்கொண்டாரே என்றுதான் வயிறு எரிந்தது.

அருள் நேரே என்னிடம் வந்தான். “அண்ணே, கோவிச்சுக்கிடாதியண்ணே. லைசென்ஸுக்குப் போட்டோ எடுக்கணுமாம். நீங்க தச்ச கோட்ட ஒரு நாளைக்குத் தருவியளா?”

கொடுத்தேன். கை கொஞ்சம் நீளம் அவனுக்கு. போட்டோவில் கை தெரியாது என்று நானே சொன்னேன்.

காகிதமெல்லாம் முடிந்து, கிடங்கில் பிரியாணி போட்டு, அருள் புதுக் கம்பெனியின் மேனேஜர் ஆன கையோடு வக்கீலம்மா வேலையை விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காக்கா கத்தினதை நான் பார்த்தேன். காக்கா ஒரு காகிதத்தைத் தள்ளுகிறார், இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இவர் எழுதினதெல்லாம் இவர் பொறுப்பில்தான் எழுதினார் என்று அதில் இருந்ததாம், மரியா சொன்னாள். “போட மாட்டேனுங்க” என்று சொன்னது மட்டும் எனக்கே கேட்டது. சேர வேண்டியது எதையும் வாங்கிக்கொள்ளாமல், சோற்றுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

பார்த்தாயா, காரியம் முடிந்ததும் கழன்றுகொண்டார் என்றேன் மரியாவிடம். அவளுக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்தால் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். காக்கா பழைய கம்பெனியை ஒழுங்காகக் கணக்கு முடித்து மூடினார். எங்கள் விசாவையெல்லாம் கேன்சலுக்குக் கொடுத்தார். “புதுசுல ஏத்திக்கலாம், மாப்புள” என்றார். புதுக் கம்பெனி பெயரில் எல்லா மொத்த வியாபாரிகளிடமும் கடனுக்குச் சரக்கு எடுத்தார், மூட்டை மூட்டையாக. எல்லா ஆர்டரிலும் மேனேஜர் கையெழுத்து, அருள்ராஜ். சரக்கு வந்த வேகத்தில் பாதி விலைக்கு வெளியே போயிற்று. மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று காக்கா ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான். போன் அணைந்துவிட்டது. ஊரில் விசாரித்தால் நிச்சயமும் இல்லை, காக்காவும் இல்லை. இரண்டு தெரு தள்ளி வீடு, அதில் பூட்டு!

அருளைக் கிடங்கு வாசலில் வைத்துப் போலீஸ் கூட்டிப் போனது. சரக்கு வாங்கி மோசடி செய்தான் என்று புகார். அவன் பெண்டாட்டி தூத்துக்குடியிலிருந்து எனக்குப் போன் செய்து அழுதாள். “அண்ணே, அவிய ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் பண்ணாதவியண்ணே.” நான் என்ன சொல்ல? அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியது நான், தாயே. கோட்டு என்னுடையது.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதிகாரி நல்ல மனுஷர்தான். யாராவது ஒருவர் தன் பாஸ்போர்ட்டை இங்கே வைத்து ஜாமீன் நின்றால் அருளை வெளியே விடலாம், வெளியே இருந்தால் தன் பக்கத்துச் சாட்சிகளைத் தேடிக் கொண்டுவரலாம், கேஸ் முடியும்வரை இருவரும் நாட்டைவிட்டுப் போக முடியாது என்றார். உடனே என்னுடையதை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். கேன்சல் ஆன விசாக்காரன் ஜாமீன் நிற்க ஆகாது. கேம்ப்பில் இருந்த எல்லோருக்கும் அதே கதிதான்.

எனக்குத் தெரிந்த ஒரே வக்கீலிடம் போனேன். வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தார், உயரமான கட்டடம், காது அடைக்கிற லிஃப்ட். மேசைமேல் ஒரு விமான டிக்கெட் கிடந்தது. நான் நுழையும்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். “அப்பாவை ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி வந்துருவேன், நீ கவலைப்படாத.” வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வழியெல்லாம் பணிவாகப் பேச வேண்டும் என்று மனப்பாடம் செய்து போயிருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது. “நீங்க எழுதுன காகிதத்துலதானே மேடம் அவன் மாட்டுனான்?”

“ஆமாங்க” என்றார்.

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். பிறகு கேள்விதான். எந்த ஸ்டேஷன், யார் புகார், ஆர்டர் தாளில் யார் யார் பெயர், அதிகாரி சொன்ன வார்த்தை என்ன, ஒன்றும் விடாமல் அப்படியே சொல்லுங்கள். எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டவில்லை, சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

“நீங்க போயிட்டு வாங்க, பாய்.”

“ஒரு வார்த்தை சொல்லுங்களேன் மேடம். அவன் பெண்டாட்டிகிட்ட நான் என்ன சொல்ல?”

“நான் ஏதாச்சும் சொன்னேன்னு சொல்லாதீங்க” என்றார்.

லிஃப்ட்டில் இறங்கும்போது சுவரைக் குத்தினேன். வக்கீல் புத்தி! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அன்றைக்கே தையல் கடையில் சொல்லியிருந்தால் இத்தனை வந்திருக்குமா? ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் நேரே காக்காவிடம் போய் ஒப்பித்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரியட்டுமே. அருளிடம் சொல்லியிருக்கலாமே. அவன் யாரிடம் போய் ஒப்பிப்பான்? எப்படிப் புரட்டினாலும் ஒரு பக்கம் இடித்தது.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போனால், எனக்கு முன்பே அந்த அம்மாள் அங்கே உட்கார்ந்திருக்கிறார். அதே காட்டன் புடவை, மடியில் பை.  தான் எழுதினதற்குத் தான் பொறுப்பில்லை என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டு விமானம் ஏறத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறு எதற்கு வருவார்?

அதிகாரி கூப்பிட்டார். “கஃபீல் யாரு?” என்று கேட்டார். ஜாமீன் நிற்பவர் யார் என்று அர்த்தம்.

வக்கீலம்மா பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அதிகாரி ஒரு தாளை நகர்த்தினார், முழுக்க அரபி. வக்கீலம்மா அதை என் பக்கம் திருப்பினார். “கடைசி வரியிலிருந்து மேல வாங்க, பாய். ஒண்ணும் விடாதீங்க.” படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். இந்த ஆள் தப்பி ஓடினால் நான் பதில் சொல்வேன். கூப்பிட்டபோதெல்லாம் இவரைக் கொண்டுவந்து நிறுத்துவேன். கேஸ் முடியும்வரை என் பாஸ்போர்ட் இங்கேயே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் “ம்” என்றார். எங்கேயும் நிறுத்தி, யார் சொன்னது என்று கேட்கவில்லை.

“மேடம், அப்பாவுக்கு ஆபரேஷன்…” என்றேன்.

“தம்பி பாத்துக்குவான்” என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. தம்பிதான் பார்த்துக்கொண்டானாம், பிறகு கேள்விப்பட்டேன். கேஸ் முடிந்து அருள் ஊர் போய்ச் சேர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை இந்த அம்மாளும் கோயம்புத்தூரைப் பார்க்கவில்லை.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துக் கண்ணாடியை மாட்டி, பேனாவைத் திறந்தார். அவர் கையெழுத்துப் போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். இழுப்பு, சுழிப்பு ஒன்றும் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பெயர் எழுதுகிற மாதிரி, எழுத்து எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி.

அருளை அழைத்துவர ஆள் உள்ளே போனான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ஏன் மேடம்? எதுக்கு இதெல்லாம் உங்களுக்கு?”

பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். “அவர் டெலிவரி நோட்டுல போட்டுப் போட்டுப் பழகின கைங்க. நின்னுட்டுப் போடச் சொன்னேன், மை இல்லாத பேனா கொடுத்தேன், ஊர்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன். எத்தனை தடவை போடச் சொன்னாலும் ஒரே மாதிரி வந்துச்சு. பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே. பக்கத்துலயே உங்க காக்கா நின்னுட்டிருந்தார். நான் என்னங்க பண்றது?”

எனக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. “அப்ப என்னோட கையெழுத்து, மேடம்? நெசமாவே மாறுச்சா, இல்ல நீங்க…”

அதற்குள் அதிகாரி தாளை என்னிடம் தள்ளினார். மொழிபெயர்த்துச் சொன்னவனும் கீழே கையெழுத்துப் போட வேண்டுமாம். மின்விசிறிக் காற்று, நல்ல நாற்காலி, ஆடாத மேசை, மை நிறைந்த பேனா. என் பாஸ்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு போட்டேன். கொக்கி, அலை, வால்.

வக்கீலம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னமும் மாறுதுங்க, பாய்” என்றார்.